எட்டுக்குப் பத்து

இதை எழுதுவதற்காக இந்த மாதத்தில் நான்காவது முறையாக உட்கார்ந்திருக்கிறேன். முதல் மூன்று முறையும் ஒரு பக்கம் தாண்டுவதற்குள் எழுந்து போய் சாக்ஸபோனைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. எழுபத்தெட்டு வயதில் மூச்சு போதாமல் வாசிப்பதே குறைந்துவிட்டது. ஆனாலும் கை சும்மா இருக்க மறுக்கிறது. அதனால் இந்த முறை சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த ஒரு காரியத்தை ஒரு பெண் செய்ததாக ஊர் நம்பியது. அவர் தன் தெருவையும் வீட்டையும் விட்டுப் போக நேர்ந்தது. செய்தவன் நான்தான் என்று நாற்பது வருடங்களுக்கு மேல் நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாற்பது வருடங்களும் அதே காரியத்திலிருந்து எடுத்த இசையை வாசித்துப் பேர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

குடவாசலிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு வாய்க்காலின் இரண்டு பக்கமும் எங்கள் நிலம் இருந்தது. பெரிய மிராசு இல்லை. ஆனால் முப்பது பெண்கள் வரிசையாக இறங்கி நடும் அளவுக்கு இருந்தது. அப்பா பழைய கட்சிக்காரர். அறுபத்தேழில் ஆட்சி மாறி ஒரு வருடம் ஆகியும் ரேடியோவில் புது மந்திரிகளின் பெயர் வந்தால் எழுந்து போய் நிறுத்திவிடுவார். வயல்களில் செங்கொடி ஏறிக்கொண்டிருந்த காலம். கூலியாக அளக்கிற நெல்லைக் கூட்டித் தரச் சொல்லி ஒவ்வொரு ஊரிலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊர்களில் சிலர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

நான் திருச்சியில் பி.ஏ. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் காத்திருந்தேன். படிப்பைவிட அங்கே எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் சாக்ஸபோன். ரயில்வே காலனியில் சனிக்கிழமை மாலைகளில் ஆங்கிலோ இந்தியர்களின் நடனம் நடக்கும். நான் வெளியே சைக்கிளில் சாய்ந்தபடி வாத்தியக் கோஷ்டியைக் கேட்டுக்கொண்டே நிற்பேன். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு குடும்பம் விட்டுச் சென்ற வாத்தியத்தைக் கைக்கடிகாரத்தையும் சைக்கிளையும் கொடுத்து வாங்கினேன். அப்பா அதை ஒருமுறை பார்த்தார்.

"நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வாசிக்க வர்றவங்களுக்கு வெத்தலை பாக்கு கொடுத்து அனுப்புறோம். நீ யார் வீட்டு வாசல்ல போயி நின்னு வாங்கப் போறே?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் வாசிக்கத் தொடங்கினால் எழுந்து களத்துக்குப் போய்விடுவார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருக்கும்.

குறுவை நடவு தொடங்கியது. நடவில் பாட்டு எடுப்பவர் ஒருவர் இருப்பார். அவர் ஒரு வரி பாடுவார், மற்றவர்கள் அதன் கடைசித் துண்டை வாங்கிப் பாடுவார்கள். எங்கள் வயலில் பாட்டு எடுத்தவருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. அந்த உடம்பிலிருந்தா இந்தக் குரல் என்று தோன்றும். வரப்பில் உட்கார்ந்து நான் எண்ணியிருக்கிறேன். ஒரு வரிக்கு எட்டு எண்ணிக்கை. அந்த எட்டுக்குள் கை நான்கு முறை சேற்றுக்குள் போகும், நான்கு குத்து நாற்று நிற்கும். வரி முடிகிற இடத்தில் முப்பது பேரும் ஒன்றாக ஓர் அடி பின்னால் வைப்பார்கள். பாட்டும் வேலையும் தனித்தனி இல்லை. பாட்டின் அளவுதான் வேலையின் அளவு.

நடவின் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பா உட்கார்ந்திருந்தார். நான் எதிரில். வயல் வேலைகளை மேற்பார்க்கும் எங்கள் காரியக்காரர் கூடத்துத் தூணோரம் நின்றுகொண்டு அழாத குறையாகச் சொன்னார்.

"அஞ்சு மா நெலம் முடிய வேண்டிய பொழுதுக்கு நாலு மாதான் முடியுதுங்க. மூணு நாளா இதே கதை."

"நின்னு பேசிக்கிட்டிருக்காளுகளா?"

"இல்லீங்க. நானும் வரப்பை விட்டு நகரலை. ஒருத்தி நிமிரலை. வெத்தலை போடக்கூட கரையேறலை. பாட்டு நிக்கவே இல்லீங்க."

"ஆள் குறையுதா?"

"தலை எண்ணிட்டேன். முப்பது."

"அப்ப நீதான் குறையுறே," என்றார் அப்பா.

நாற்று முற்றிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் முறை இன்னும் சில நாட்கள்தான். இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியிருந்தது. இரண்டு நாட்களுக்கு முன்பே வரப்பில் உட்கார்ந்து அதைக் கேட்டு அசந்து போயிருந்தேன். பாட்டு எடுப்பவர் வரியின் கடைசி எழுத்தை இழுத்து நிறுத்தியிருந்தார். எட்டு எண்ணிக்கை பத்தாகியிருந்தது. அந்த இரண்டு எண்ணிக்கைக்கும் முப்பது கைகளும் நாற்றோடு தண்ணீருக்கு மேலே நிற்கும். குரல் போய்க்கொண்டே இருப்பதால் வரப்பிலிருந்து பார்க்கிறவனுக்கு வேலை நடப்பதாகத்தான் தெரியும். யாரும் நிற்கவில்லை, யாரும் பேசவில்லை, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கூலி கூட்டாத வயலுக்கு அவர்கள் கண்டுபிடித்திருந்த பதில் அது.

கூலிப் பிரச்சினை எனக்குத் தெரியாதது இல்லை. அவர்கள் கேட்டது நியாயம் என்றுகூட எனக்கு எண்ணம் உண்டு. கல்லூரியில் அதைப் பற்றி உரக்கப் பேசியிருக்கிறேன். ஆனாலும் அந்த மத்தியானம் என் வாய் திறந்தது.

"பாட்டு நீண்டிருக்குப்பா," என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். நான் சாப்பிடாத கையால் தரையில் தட்டிக் காட்டினேன். முதலில் பழைய அளவு, பிறகு புது அளவு. "எட்டுக்குப் பத்து. அதனாலதான் அஞ்சு மா நாலு மா ஆகுது. கணக்கு சரியா வருது பாருங்க."

காரியக்காரர் வாயைப் பிளந்தார். அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இன்னொரு தரம் தட்டு," என்றார்.

தட்டினேன். அவர் தலையை லேசாக ஆட்டி அதைக் கேட்டார். என் வாழ்நாளில் அப்பா நான் வாசித்ததைக் கேட்டது அந்த ஒருமுறைதான். இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது இதுதான். எனக்குத் தெரிந்ததை அவர் வியக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது, வியந்தார், அந்தச் சோறு எனக்கு அன்றைக்கு ருசித்தது.

மறுநாள் காரியக்காரர் காலி மண்ணெண்ணெய் டின் ஒன்றோடு என்னிடம் வந்தார். "தம்பி, அந்தப் பழைய அளவை எனக்குப் பழக்கிவிடுங்க. அப்பா சொல்லிவிட்டாங்க." மாந்தோப்பில் வைத்து ஒரு மணி நேரம் பழக்கினேன். அவர் கைக்குத் தாளம் எளிதில் வரவில்லை. சிரித்துக்கொண்டேதான் கற்றுக்கொடுத்தேன்.

அவர் வரப்பில் நின்று டின்னை அடித்தார். பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். டின் சத்தத்துக்கு நட வேண்டும். முப்பது பேரும் ஒரு சத்தமும் இல்லாமல் அன்று முழுவதும் நட்டார்கள். அடுத்த நாளும் நட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் அவர் டின்னை எடுத்ததும் பாட்டு எடுப்பவர் கையிலிருந்த நாற்றைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கரையேறினார். அவர் பின்னால் எல்லோரும் ஏறினார்கள். அப்பா வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து போலீஸ் காவலோடு மீதி நடவை முடித்தார்.

இதோடு நின்றிருந்தால் கூலிச் சண்டையில் ஒரு பக்கம் தோற்றது என்று ஆகியிருக்கும். ஆனால் நடவுப் பெண்கள் குடியிருந்த தெருவில் ஒரு கேள்வி இருந்தது. பாட்டின் இழுப்பை வரப்பில் நின்ற காரியக்காரர் கண்டுபிடித்திருக்க மாட்டார். அவர் காது அவர்களுக்குத் தெரியும். அப்படியானால் வரிசையில் நின்ற யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் கொல்லையில் மாட்டுக் கொட்டகை கூட்டிச் சாணி அள்ள ஒரு பெண் தினம் காலையில் வருவார். இருபத்தைந்து வயதுதான் இருக்கும், கைக்குழந்தை உண்டு, கணவர் விட்டுவிட்டுப் போயிருந்தார். அந்த வேலை முடிந்ததும் நடவுக்கு இறங்குவார். முப்பது பேரில் எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கிறவர் அவர் ஒருவர்தான். வேறு யாரையும் தெரு சந்தேகப்படவில்லை.

வெளியூர் ஆட்கள் நட்டுக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மத்தியானம் நான் கொல்லைக் கிணற்றடியில் நின்றிருந்தேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"சின்னையா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"என்ன?"

"நான்தான் சொன்னேன்னு தெருவுல சொல்றாங்க. அடுப்புக்கு நெருப்பு கேட்டாக் கொடுக்க மாட்டேங்குறாங்க. புள்ளைய யாரும் தூக்குறதில்ல. இந்த வீட்டுல யாரு சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆரு பேரும் சொல்ல வேணாங்க. இவ சொல்லலைன்னு மட்டும் ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க. படிச்சவரு, நீங்க சொன்னா நம்புவாங்க."

என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

"பாக்கலாம்," என்றேன்.

அவர் அதை ஒரு சம்மதமாக எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். நான் இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் கும்பகோணம் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ரயிலில் சென்னை போய்விட்டேன். பரீட்சை முடிவுகூட வந்திருக்கவில்லை. சாக்ஸபோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இசைக்காக வீட்டை விட்டு ஓடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிற்பாடு பத்திரிகைக்காரர்களிடமும் அப்படித்தான் சொன்னேன்.

மறு வருடம் அம்மாவின் கடிதத்தில் ஒரு வரி வந்தது. கொட்டகை கூட்டுகிறவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கோ போய்விட்டாள், வேறு ஆள் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. அதற்கு இரண்டு மூன்று வருடங்கள் கழித்து, பண்ணை நிலத்தில் குடியிருக்கிறவர்களுக்கே அந்த மனை சொந்தம் என்று சட்டம் வந்தது. அதிகாரிகள் வந்து தெருவில் குடியிருந்தவர்கள் பெயருக்கெல்லாம் பட்டா எழுதினார்கள். போனவர் பெயர் அதில் எப்படி வரும்? அவர் குடிசை இருந்த இடத்தைப் பக்கத்து வீட்டோடு சேர்த்து எழுதிவிட்டார்கள்.

சென்னையில் ஹோட்டல் ஒன்றில் மாலை நேர கோஷ்டியில் எனக்கு இடம் கிடைத்தது. பகலில் சினிமா ஒலிப்பதிவுகள். இரண்டிலும் அடுத்தவர் எழுதியதைத்தான் வாசித்தேன். சொந்தமாக எழுத உட்கார்ந்தால் வானொலியில் கேட்ட வெளிநாட்டு மெட்டுகளே கைக்கு வந்தன. ஒரு நாள் வேறு வழியில்லாமல் அந்த நடவுப் பாட்டை வாசித்துப் பார்த்தேன். எட்டு எண்ணிக்கையில் வாசித்தபோது அது வெறும் கிராமியப் பாட்டு. கடைசிச் சுரத்தை இரண்டு எண்ணிக்கை நிறுத்தினேன். மறுபடி மறுபடி வாசித்தேன். அதை விடக் கூடாது என்று தெரிந்துவிட்டது.

அப்படித்தான் என் பேர் சொல்லும் அந்த உருப்படி உண்டானது. சாக்ஸபோன் வரி எடுக்கும். ட்ரம்பெட்டும் பியானோவும் அதன் வாலை வாங்கி வாசிக்கும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ட்ரம்ஸும் பாஸும் கையைத் தூக்கி நிற்க, என் ஒரு சுரம் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் நான் நினைத்ததையெல்லாம் கொட்டினேன். கிணற்றடி, கும்பிட்ட கை, கும்பகோணம் பஸ். சுரத்தை மெல்ல இறக்கி, விம்முவது போல நடுங்க வைத்து முடிப்பேன். ஒரு நாளாவது அது எனக்குத் திருப்தியாக இருந்ததில்லை. ஒவ்வொரு கச்சேரிக்கும் மாற்றுவேன். ஒத்திகையில் எல்லோரையும் படுத்தியிருக்கிறேன்.

"சார், இது எட்டா பத்தா, ஒண்ணு சொல்லித் தொலைங்க," என்பார் எங்கள் ட்ரம்மர். "நேத்து பத்துன்னீங்க. இன்னிக்குப் பத்தரை மாதிரி போகுது. நான் வீட்டுக்குப் போயி சோறு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"பத்துதான். ஆனா எண்ணக் கூடாது."

"எண்ணாம எப்படி சார் பத்து வரும்?"

இன்னொரு நாள் அவர் ஒரு காலி டின்னைக் கொண்டுவந்தார். அந்த நிறுத்தத்தில் டின்னில் ஒரு தட்டு தட்டினால் கிராமத்து வாசனை வரும் என்றார். அவர் மேல் நான் ஏன் அப்படி எரிந்து விழுந்தேன் என்று இறக்கும்வரை அவருக்குத் தெரியாது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இசைத்தட்டு வந்தது. பம்பாய், கல்கத்தா, ஐரோப்பாவில் இரண்டு ஊர்கள் என்று போனோம். எங்கே போனாலும் மேடையில் ஒரே முன்னுரைதான் சொல்வேன். இது என் மண்ணின் பாட்டு, சேற்றில் குனிந்து நிற்கும் பெண்களின் சோகம். கைதட்டுவார்கள். யாரோ ஒருவர் கண்ணைத் துடைப்பார். திருமணம் செய்துகொண்டேன், அது நிலைக்கவில்லை. சென்னையிலேயே ஒன்பது வீடு மாறினேன். எந்த வீட்டிலும் பெட்டிகளை முழுவதும் பிரித்ததில்லை. அப்பா இறந்தபோது ஊருக்குப் போய் மூன்றாம் நாளே திரும்பினேன். நிலத்தில் பாதியை ஏற்கெனவே விற்றிருந்தார்கள். வாங்கியவர்களில் அந்தத் தெருக்காரர்களும் உண்டு என்று காரியக்காரரின் மகன் சொன்னார். நான் தெருப் பக்கம் போகவில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு தஞ்சாவூரில் ஒரு கச்சேரி. முடிந்ததும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்தார். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர். எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, "நீங்க அந்தப் பண்ணை வீடுதானே சார்?" என்றார். தன் தாயார்தான் அந்தக் காலத்தில் பாட்டு எடுத்தவர் என்றார்.

"இது எங்க அம்மா பாட்டு சார். கடைசியில இழுக்குறதைக்கூட அப்படியே வாசிக்கிறீங்க. அம்மா அந்தக் கதையைச் சொல்லியிருக்காங்க. கூட நட்ட ஒரு அம்மா போயி பண்ணையில சொல்லிட்டாங்களாம். இன்னிக்கும் எங்க தெருவுல யாராவது கோள் சொன்னா அந்த அம்மா பேரைச் சொல்லித்தான் திட்டுவாங்க. சின்னப் புள்ளைங்க வரைக்கும்."

"அந்த அம்மா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கறதா கேள்வி. மக வீட்டுல. நாங்க யாரும் போக்குவரத்து கிடையாது."

அவர் பெயர் ஒரு வசைச் சொல்லாக இருக்கிறது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அவர் வேறெங்கோ ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருப்பார், தெரு மறந்திருக்கும் என்று நினைத்து வைத்திருந்தேன். அறைக்குத் திரும்பிப் பெட்டியைக் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். மறுநாள் காலை கோஷ்டியை ரயிலேற்றிவிட்டு, ஒரு வாடகைக் காரில் பட்டுக்கோட்டைக்குப் போனேன்.

தேடுவது கடினமாக இல்லை. தென்னந்தோப்புகளுக்கு நடுவில் பத்துப் பதினைந்து வீடுகள். அவர் வாசலில் தரையில் உட்கார்ந்து கீற்று முடைந்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னேன். எழுந்திருக்க முயன்றார். வேண்டாம் என்று நானும் தரையில் உட்கார்ந்தேன்.

இத்தனை வருடம் ஒத்திப்போட்டதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சோறு, தரையில் தட்டியது, டின். கீற்றில் அவர் கை நிற்கவே இல்லை. நான் முடித்த பிறகும் ஒரு வரிசை முடைந்தார்.

"நீங்கதானா," என்றார்.

"ஆமாங்க."

"நான் காரியக்காரரோட பொண்டாட்டின்னு நெனைச்சிக்கிட்டிருந்தேன். அந்தம்மா செத்தப்பக்கூட மனசுக்குள்ள வைஞ்சேன்." கொஞ்சம் பொறுத்து, "கெணத்தடியில வந்து கேட்டேனே. அப்ப உங்களுக்குத் தெரியும்," என்றார்.

"தெரியும்."

"பாக்கலாம்னீங்க."

 மன்னிக்கச் சொல்லி ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதை எடுக்கப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போல.

"எங்கிட்ட சொல்லி என்ன? நான் செய்யலைன்னு எனக்குத் தெரியாதா? காரு நிக்குதுல்ல. அங்க வந்து சொல்லுங்க."

"இப்பவா?"

"பின்ன, இன்னும் எத்தனை வருசம் பாப்பீங்க?"

உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். காரில் ஏறினோம். மன்னார்குடியில் காபி வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். குளிர்சாதனத்தை நிறுத்தச் சொன்னார். நான் ஜன்னலை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தேன். "செத்த சும்மா இருங்களேன்," என்றார்.

தெருவில் இப்போது குடிசை ஒன்றுகூட இல்லை. மாடி வைத்த வீடுகள், வாசலில் மோட்டார் சைக்கிள்கள். அவர் காரிலிருந்து இறங்கி நேராக ஒரு வீட்டின் பக்கச் சுவரருகே போய் நின்றார். அங்கே ஒரு குளியலறை கட்டியிருந்தார்கள். அதுதான் அவர் அடுப்பு இருந்த இடம் என்று யாரும் சொல்லாமலே எனக்கு விளங்கியது. அங்கிருந்து வந்து, பாட்டு எடுத்தவரின் வீட்டு வாசலில் நின்றார்.

பாட்டு எடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்னும் அதே ஒல்லி. வந்திருப்பது யார் என்று பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் வெளியே வந்தார். பக்கத்து வீடுகளிலிருந்தும் பெண்கள் கூடினார்கள். அவர்களில் வயதான மூன்று நான்கு பேர் அந்த வரிசையில் நின்றவர்களாக இருக்க வேண்டும்.

மேடைகளில் நின்று பழகியவன் நான். அன்றைக்குச் செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றேன். "சொல்லுங்க," என்றார் என்னோடு வந்தவர். சொன்னேன். பட்டுக்கோட்டையில் சொன்னதைவிடச் சுருக்கமாக, என் அப்பாவைப் பற்றி எதுவும் சேர்க்காமல். இந்த அம்மா எதுவும் சொல்லவில்லை, சொன்னது நான், டின் அடிக்கப் பழக்கியதும் நான்.

நாற்காலியில் இருந்தவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டார் பாட்டு எடுத்தவர். கோபம்கூட இல்லை அந்தக் குரலில், ஏதோ சரிபார்ப்பது போலக் கேட்டார்.

"வரப்புல உக்காந்து எண்ணினேன்."

"ம். அதைத்தான் இப்ப ஊர் ஊரா வாசிக்கிறீங்களாம். எம் மவன் போன்ல போட்டுக் காட்டினான்." மகனை ஒருமுறை பார்த்தார். "ஒப்பாரி வைக்கிற மாதிரில்ல வாசிக்கிறீங்க. சோகம்னு வேற சொல்றீங்களாம். ஏங்க, அன்னிக்கு எங்களுக்கு என்ன சோகம்? காரியக்காரரு ஒண்ணும் புரியாம வரப்புல இங்கயும் அங்கயும் ஓடுறாரு. நாங்க கைய அந்தரத்துல வச்சிக்கிட்டு நிக்குறோம். நான் இழுக்க இழுக்க இவளுக சிரிப்பை அடக்க முடியாம குலுங்குறாளுக. குனிஞ்சிருக்கற மூஞ்சிய எவன் பாத்தான்? வயித்தைப் பிடிச்சிக்கிட்டு சிரிச்சோம். எம் வாழ்நாள்ல அந்த நாலு நாளு மாதிரி சிரிச்சதில்ல."

இத்தனை வருடம் அந்த இரண்டு எண்ணிக்கைக்குள் நான் போட்டு நிரப்பியது என்னுடைய சரக்கு. அவர்களுடைய குறும்பை எடுத்து, அதற்கு என் குற்றத்தின் அழுகையைப் பூசி, அவர்கள் பெயரில் விற்றிருக்கிறேன். எனக்குக் காது உண்டு என்று நினைத்திருந்தேன். எண்ணத்தான் தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்த வாசலில் அப்போது முக்கியம் அது இல்லை. என்னோடு வந்தவர் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார்.

"சிரிச்சீங்கல்ல. உனக்குப் பக்கத்துல நின்னது யாருக்கா?"

பாட்டு எடுத்தவர் இப்போதுதான் அவரை நேராகப் பார்த்தார்.

"நான்தானே நின்னேன். சிரிச்சு சிரிச்சுச் சேத்துல உக்காந்துட்டேன், நீ தலைமுடியப் பிடிச்சித் தூக்கிவிட்டே. அப்படிச் சிரிச்சவ போயிச் சொல்வாளான்னு ஒருத்திக்கும் கேக்கத் தோணலை. நெருப்பு தரலை. எம் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப எட்டிப் பாக்கலை. நீயே கதவைச் சாத்துனே."

"பண்ணை வீட்டுக்குப் போயிட்டு வந்தது நீ ஒருத்திதானேடி."

"சாணி அள்ளப் போனேன்."

கூட்டத்தில் நின்ற வயதான பெண்களில் ஒருவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாட்டு எடுத்தவர் நாற்காலியின் கையைப் பிடித்தபடி எழுந்து நின்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். எல்லாப் பழியும் என்னுடையது, இவர்களைக் குறை சொல்ல வேண்டாம் என்கிற மாதிரி ஏதோ.

"நீங்க சொல்லவேண்டியது முடிஞ்சிதுல்ல?" என்றார் பாட்டு எடுத்தவர் என்னைப் பார்த்து. "கிளம்புங்க. இது எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது."

"இவங்களைத் திரும்பக் கொண்டு விடணும்," என்றேன்.

என்னோடு வந்தவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "காரு போகட்டுங்க. நான் பஸ்ஸுல போயிக்கிறேன். இன்னிக்கோ நாளைக்கோ."

இரண்டு பேரும் இன்னும் எதிரெதிரேதான் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. "எம் மேல என்னடி கோவம் உனக்கு, அப்பவே ஓங்கிச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று பாட்டு எடுத்தவர் கேட்க, "சொன்னேன், நீ கேக்கலை," என்று மற்றவர் சொல்ல, குரல்கள் ஏறிக்கொண்டே போயின. தலைமை ஆசிரியர் என் முழங்கையைப் பிடித்துக் காருக்கு அழைத்து வந்து கதவைத் திறந்துவிட்டார். பிறகு அவசரமாக வீட்டுக்குத் திரும்பி, உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலியை எடுத்துவந்து தாயாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார்.